நாய், ஆடு, கோழிக்கு உடம்பு சரியில்லையா? எந்த டாக்டரிடம் போகணும், செலவை எப்படிச் சமாளிக்கணும்? ஜெகதாப்பட்டினம் மக்களுக்கான முழு விளக்கம்

புதுக்கோட்டை மாவட்டம் ஜெகதாப்பட்டினத்தில் படகு கடலுக்குப் போனால்தான் வீட்டில் காசு புழங்கும். பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள்தான் கடல். அதிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அரிசி, பருப்பு, வட்டி, ஜூன் மாத பள்ளிக்கூடச் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இந்த நேரம் பார்த்து வீட்டு நாய்க்கு ரத்தக் கழிச்சல் வந்தால்? சினை ஆடு குட்டி போட முடியாமல் தவித்தால்? பல வீடுகளில் முதலில் மெடிக்கலில் போய் மாத்திரை கேட்பார்கள். அடுத்து, "ஊசி போடுகிறவர்" யாராவது இருக்கிறாரா என்று தேடுவார்கள். டாக்டரிடம் போவது கடைசியில்தான். அதற்குள் 2 நாள் போயிருக்கும், செலவும் கூடியிருக்கும். சில நேரம் உயிரும் போயிருக்கும்.

யாரிடம் போகணும், எது இலவசம், எதற்குக் காசு, எப்போது ஓடணும், எப்போது நிதானிக்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அரசு சிகிச்சை எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறையின் சிகிச்சை அமைப்பு படிப்படியானது. கிராம அளவில் கிளை நிலையம். அதற்கு மேல் கால்நடை மருந்தகம். அடுத்து கால்நடை மருத்துவமனை. அதற்கும் மேலே பன்முக மருத்துவமனை.

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 'மருந்தகம்' என்றால் மருந்துக்கடை இல்லை, அங்கே டாக்டர் இருப்பார். அதேபோல 'கால்நடை உதவி மருத்துவர்' என்பது பதவியின் பெயர்தான். அவர் முழுமையாகப் படித்துப் பதிவு செய்த டாக்டர். 'உதவி' என்ற சொல்லை வைத்து உதவியாளர் என்று நினைத்து, அவரை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கிளை நிலையத்தில் இருப்பவர் பெரும்பாலும் கால்நடை ஆய்வாளர். செயற்கைமுறை கருவூட்டல், தடுப்பூசி, முதலுதவி போன்றவை அவருடைய வேலை. ஆபரேஷன், கடினமான பிரசவம், நோய் கண்டுபிடிப்பு எல்லாம் டாக்டரின் வேலை.

அரசு நிலையங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். நாய், பூனை, கோழிக்கும் அங்கே சிகிச்சை உண்டு. சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. குறிப்பிட்ட மருந்து கையிருப்பில் இல்லை என்றால் வெளியே வாங்கச் சீட்டு எழுதித் தருவார்கள். அந்தச் செலவு மட்டும் நம்முடையது.

ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய ஊர் என்றால் அறந்தாங்கி. அங்கே அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அதற்கும் மேல் தேவைப்பட்டால், ஸ்கேன், எக்ஸ்ரே, பெரிய ஆபரேஷன் போன்றவற்றுக்கு, பட்டுக்கோட்டை வழியாகப் போகும் தூரத்தில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2012-ல் தொடங்கிய இந்தக் கல்லூரி, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. கல்லூரி மருத்துவமனையில் சில சேவைகளுக்குக் கட்டணம் இருக்கும். ஒரே இடத்தில் பல துறை டாக்டர்கள் இருப்பதுதான் அதன் பலம்.

உங்கள் ஊருக்கு உரிய மருந்தகம் எது, டாக்டர் எத்தனை மணிக்கு இருப்பார், எந்த நாள் முகாமுக்குப் போவார் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். ராத்திரி 10 மணிக்குத் தேடினால் கிடைக்காது.

1962-க்கு போன் பண்ணினால் வண்டி வருமா?

வரும். மனிதர்களுக்கு 108 மாதிரி, கால்நடைகளுக்கு 1962. இது கட்டணமில்லா எண். மத்திய அரசின் திட்டப்படி 1 லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி என்பது கணக்கு. தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தில் 245 நடமாடும் மருத்துவ ஊர்திகள் அறிவிக்கப்பட்டு, 2024-ல் ஓடத் தொடங்கின. வண்டியில் டாக்டர், உதவியாளர், மருந்து, அடிப்படைக் கருவிகள் இருக்கும்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 108 மாதிரி 24 மணி நேரமும் வீட்டு வாசலுக்கு வரும் வண்டி இல்லை இது. காலை நேரத்தில் முன்பே முடிவு செய்த கிராமங்களில் முகாம் நடக்கும். அதற்குப் பிறகுதான் அவசர அழைப்புகளுக்குப் போவார்கள். எனவே காலையில் மாடு எழுந்திருக்கவில்லை என்றால், சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே போன் போட்டுப் பதிவு செய்துவிடுவது நல்லது.

போன் பண்ணும்போது ஊர், அடையாளம், எந்தப் பிராணி, வயது, சினையா, எத்தனை மணி நேரமாக என்ன பிரச்னை, இந்த விவரங்களை எல்லாம் சொல்லுங்கள். மாட்டுக்குக் காதில் 12 இலக்க எண் கொண்ட தோடு இருந்தால் அந்த எண்ணையும் சொல்லுங்கள்.

தனியார் டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வீட்டு நாய், பூனைக்குத் தனியார் கிளினிக்கைத் தேடிப் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். போகும் முன் பார்க்க வேண்டியவை இவை.

1. பதிவு எண் இருக்கிறதா?

இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984-ன்படி, பதிவு செய்த டாக்டர்தான் கால்நடைகளுக்கு வைத்தியம் பார்க்கலாம். படிப்பு பி.வி.எஸ்சி. & ஏ.எச். ஐந்தரை ஆண்டு. படித்து முடித்து மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். மருந்துச் சீட்டிலோ, போர்டிலோ பதிவு எண் இருக்கும். இல்லை என்றால் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, உங்கள் உரிமை.

டிப்ளமோ, சான்றிதழ் படித்தவர்கள் சின்னச் சின்ன சேவைகளைச் செய்யலாம். அதுவும் பதிவு பெற்ற டாக்டரின் மேற்பார்வையில்தான். "20 வருஷமா ஊசி போடுறேன்" என்பது தகுதி ஆகாது.

2. உங்கள் பிராணியை வழக்கமாகப் பார்ப்பவரா?

எல்லா டாக்டரும் எல்லா உயிரினத்தையும் பற்றிப் படித்தவர்கள்தான். ஆனாலும் தினமும் 20 மாடு பார்ப்பவருக்கும் தினமும் 20 நாய் பார்ப்பவருக்கும் அனுபவம் வேறு வேறு. "டாக்டர், பூனை அடிக்கடி வருமா உங்ககிட்ட?" என்று நேரடியாகக் கேட்கலாம்.

3. தன்னால் முடியாததை ஒப்புக்கொள்கிறாரா?

நல்ல டாக்டருக்கு முக்கியமான அடையாளம் இது. "இதுக்கு ஸ்கேன் தேவை, என்கிட்ட இல்லை, ஒரத்தநாட்டுக்குக் கொண்டு போங்க" என்று முதல் நாளே சொல்பவர் உங்கள் பணத்தையும் பிராணியின் உயிரையும் காப்பாற்றுகிறார். 5 நாள் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு ஆறாவது நாள் சொன்னால் இரண்டும் போய்விடும்.

4. தடுப்பூசியை எப்படி வைத்திருக்கிறார்?

பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். குளிர் கெட்டால் ஊசி வெறும் தண்ணீர் மாதிரிதான். கடையில் வாங்கி, சட்டைப் பையில் போட்டு, வெயிலில் பைக்கில் கொண்டு போய்ப் போடுவதில் பயன் இல்லை. ஊசி போட்டதும் குப்பியில் உள்ள ஸ்டிக்கரைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, தேதியும் கையெழுத்தும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

5. எழுதித் தருகிறாரா, விளக்குகிறாரா?

என்ன நோய் என்று சந்தேகம், என்ன மருந்து, எத்தனை நாள், அடுத்து எப்போது வரணும், இவை சீட்டில் இருக்க வேண்டும். பெயர் இல்லாத பொட்டலத்தில் மாத்திரை கொடுத்தால், அடுத்த டாக்டரிடம் போகும்போது என்ன கொடுத்தார்கள் என்றே சொல்ல முடியாது.

6. ராத்திரி, ஞாயிறு என்ன ஏற்பாடு?

எல்லா டாக்டரும் 24 மணி நேரமும் பார்க்க முடியாது. ஆனால் "நான் இல்லாத நேரத்தில் யாரிடம் போகணும்" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நோய் வந்த பிறகு விசாரிக்க நேரம் இருக்காது. நாய்க்குட்டி வாங்கிய வாரத்திலேயே, தடுப்பூசி போடப் போகும்போதே பார்த்து முடிவு செய்துவிடுங்கள்.

எந்தத் தடுப்பூசி, எப்போது?

செலவைக் குறைக்க ஒரே பெரிய வழி தடுப்பூசிதான்.

நாய்:
• 6 முதல் 8 வார வயதில் முதல் ஊசி. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கானது இது. பிறகு 3 - 4 வார இடைவெளியில், 16 வாரம் வரை தொடர்ந்து போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்தினால் பாதுகாப்பு முழுமையாகாது.
• 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் ஆண்டுதோறும்.
• குடற்புழு மருந்து: குட்டியாக இருக்கும்போது அடிக்கடி, வளர்ந்த பிறகு பொதுவாக 3 மாதத்துக்கு ஒரு முறை. எடையைப் பார்த்துத்தான் அளவு.

ஆடு: ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி, துறை மூலம் இலவசமாகப் போடப்படுகிறது. இந்த நோய் ஒரு கொட்டகைக்குள் புகுந்தால் வரிசையாக ஆடுகள் சாகும். முகாம் தேதியைத் தவற விட வேண்டாம்.

மாடு: கோமாரி நோய்க்கு ஆண்டுக்கு 2 முறை இலவசத் தடுப்பூசி. கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசி, வாழ்நாளில் ஒரே முறை.

கோழி: வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. அரசு கால்நடை நிலையங்களில் சனிக்கிழமைகளில் போடுவது வழக்கம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் 2 வார முகாமும் நடக்கும். கோழியைக் கூடையில் போட்டுத் தூக்கிப் போனால் போதும்.

இந்தத் தடுப்பூசிகளில் பல, ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் அரசு கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகின்றன. "ஃப்ரீயா போடுற ஊசி வேலை செய்யாது" என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

வெறிநோய்: இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது

வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால், நாயோ மனிதரோ, கிட்டத்தட்ட பிழைப்பதே இல்லை. மனிதர்களுக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் வரை நாய் மூலம் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாய்க்குப் போடும் ஊசி உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு.

ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். இந்த நாள்களை ஒட்டி அரசு நிலையங்களில் இலவச முகாம்கள் நடப்பது வழக்கம்.

நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. ஊசி அங்கே இலவசம். "நம்ம வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், டாக்டர் முடிவு செய்யட்டும்.

ஆட்டையோ மாட்டையோ நாய் கடித்தாலும் அதே மாதிரி கழுவிவிட்டு, கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். கடிபட்ட பிறகு போடும் தொடர் ஊசி அவற்றுக்கும் உண்டு.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகள்

• நாய்க்குட்டிக்கு வாந்தியோடு ரத்தக் கழிச்சல். பார்வோவாக இருக்கலாம், ஒரு ராத்திரி தாமதம்கூட ஆபத்து.
• மூச்சு வாங்குதல், ஈறு வெளுத்துப் போதல், வலிப்பு.
• ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் இருப்பது.
• ஆட்டுக்கு இடது பக்க வயிறு உப்பி, மூச்சுத் திணறுவது.
• பிரசவத்தில் முக்கியும் குட்டி வெளியே வராமல் இருப்பது.
• விஷம், பூச்சிமருந்து, பாம்புக்கடி சந்தேகம்.

ஒரு வேளை சாப்பிடவில்லை, லேசான சொறி, ஒரு முறை வாந்தி, ஆனால் சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால், ஒரு நாள் கவனித்துவிட்டு, போனில் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யலாம். ஈறு, காயம், கழிச்சல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உடனே வரணுமா, நாளைக்கு வரலாமா என்று டாக்டர் சொல்ல முடியும். அதற்காக போட்டோவே வைத்தியம் ஆகிவிடாது.

கடற்கரை ஊருக்கே உரிய ஆபத்துகள்

தூண்டில் முள்: நாயோ பூனையோ முள்ளை விழுங்கி, நரம்பு வாயிலிருந்து தொங்கினால் இழுக்கவே கூடாது. இழுத்தால் உள்ளே கிழித்துவிடும். நரம்பை அப்படியே விட்டு, டாக்டரிடம் கொண்டு போங்கள்.

பேத்தை மீன்: வலையில் வந்து கரையில் வீசும் பேத்தையில் கடுமையான நஞ்சு உண்டு. நாய், பூனை தின்னாமல் புதைத்துவிட வேண்டும்.

பச்சை மீன்: பூனைக்கு எந்நேரமும் பச்சை மீன் மட்டுமே போட்டால், சில வகை மீன்களில் உள்ள ஒரு பொருள் வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். நாளடைவில் நரம்புத் தளர்ச்சி, வலிப்பு வரும். வேகவைத்து, முள் எடுத்து, மற்ற உணவோடு கலந்து கொடுப்பது நல்லது.

விருந்துச் சோறு: கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, பிரியாணியை ஆடு வயிறுமுட்டத் தின்றால் வயிற்றில் அமிலம் கூடி ஒரே நாளில் செத்துப்போகலாம். கொட்டும் இடத்தைக் குழி தோண்டி மூடுங்கள். வயிறு உப்பிய ஆட்டைப் படுக்கவைத்து, வாயைப் பிளந்து எண்ணெய் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும்.

நம்ம மாத்திரை: காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால், பூனைக்கு விஷம். இபுபுரூஃபன் நாய்க்கும் ஆபத்து. மாட்டுக்கு வலி ஊசி என்று டைக்ளோஃபெனாக் போட்டால் அதை மறுத்துவிடுங்கள். பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததால், கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006-லேயே தடை வந்துவிட்டது. கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபெனாக் மருந்துகளுக்கும் 2023-ல் தடை.

பில் தொகையைக் குறைக்க என்ன செய்யலாம்?

முதலில் எஸ்டிமேட் கேளுங்கள். சிகிச்சை தொடங்கும் முன் "மொத்தம் எவ்வளவு ஆகும் டாக்டர்? இன்னிக்கு எவ்வளவு, அடுத்தடுத்து எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அட்மிஷன் என்றால் ஒரு நாள் செலவு எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

கையில் இருப்பதைச் சொல்லுங்கள். "என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு, இதுக்குள்ள எது ரொம்ப அவசியம்?" என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. ஒரே நோய்க்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கும். டாக்டருக்கு உங்கள் வசதி தெரிந்தால்தான் அதற்கேற்ற வழியைச் சொல்ல முடியும். பணத்தைப் பற்றிப் பேசாமல் தலையாட்டிவிட்டு, மறுநாள் வராமலே இருந்துவிடுவதுதான் பிராணிக்கு மோசம்.

ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு கேள்வி. "இந்த டெஸ்ட் ரிசல்ட் எப்படி வந்தாலும் மருந்து மாறுமா?" மாறும் என்றால் எடுக்கலாம். மாறாது என்றால் தள்ளிப் போடலாமா என்று கேட்கலாம். உண்ணிக் காய்ச்சல் சந்தேகத்தில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை போன்றவை பல நாள் தவறான மருந்துச் செலவை மிச்சப்படுத்தும். டெஸ்ட் எல்லாமே வீண் என்ற முடிவுக்கும் வந்துவிடக் கூடாது.

மருந்தின் மூலப்பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒரே மருந்து பல கம்பெனிகளில் பல விலையில் இருக்கும். மனிதர்களுக்கு மக்கள் மருந்தகம் இருப்பது போல, கால்நடைகளுக்குக் குறைந்த விலையில் மூலப்பெயர் மருந்து தரும் 'பசு ஔஷதி' திட்டத்துக்கு 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. உங்கள் பகுதிக்கு வந்துவிட்டதா என்று மருந்தகத்தில் விசாரியுங்கள்.

பில்லில் ஜிஎஸ்டி பாருங்கள். கால்நடை கிளினிக்கில் பிராணிக்குத் தரும் சிகிச்சைச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் கட்டணத்தில் வரி சேர்த்திருந்தால் ஏன் என்று கேட்கலாம். மருந்து, ஷாம்பு போன்ற பொருள்களுக்கு வரி உண்டு.

பயணச் செலவைப் பங்கு போடுங்கள். அறந்தாங்கிக்கு ஒரு நாய்க்காக வண்டி பிடிப்பதைவிட, தெருவில் 4 வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் தடுப்பூசிக்குப் போனால் வாடகை நாலில் ஒரு பங்குதான். பத்துப் பதினைந்து வீடு சேர்ந்தால், ஊரிலேயே முகாம் போடச் சொல்லி மருந்தகத்தில் மனு கொடுக்கலாம்.

கருத்தடை செய்துவிடுங்கள். பெட்டை நாய்க்கு முன்கூட்டியே கருத்தடை செய்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வராது. அந்த நோய் வந்த பிறகு செய்யும் அவசர ஆபரேஷன் ஆபத்தானது, செலவும் பெரியது. ஈத்துக்கு ஈத்து குட்டிகளை எங்கே விடுவது என்ற பிரச்னையும் இல்லை.

தடைக்காலத்துக்கு முன்பே ஒரு கணக்கு

கடலுக்குப் போகும் 10 மாதத்தில் மாதம் 300 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் 3,000 ரூபாய். மகளிர் குழுச் சேமிப்பிலோ, தபால் அலுவலகக் கணக்கிலோ போட்டு வைத்தால் கை வைக்கத் தோன்றாது. இந்தப் பணம் அவசரத்துக்கு மட்டும்.

அதே மாதிரி, ஆண்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாவற்றையும் மார்ச் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல் 15-க்குப் பிறகு வரும் 61 நாளில் வழக்கமான செலவு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டால், திடீர்ச் செலவு வந்தாலும் தாக்குப்பிடிக்கலாம்.

இன்சூரன்ஸ் எடுக்கலாமா?

ஆடு, மாட்டுக்கு: தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் மானியத்தோடு காப்பீடு உண்டு. 2024 பிப்ரவரியில் விதி மாறியது. பிரீமியத்தில் வளர்ப்பவர் கட்ட வேண்டிய பங்கு 15 சதவீதம்தான், மீதியை அரசுகள் ஏற்கின்றன. ஒரு குடும்பத்துக்கு 10 கால்நடை அலகு வரை எடுக்கலாம். 1 மாடு ஒரு அலகு. 10 ஆடு சேர்ந்தால் ஒரு அலகு. மருந்தகத்திலேயே விண்ணப்பிக்க வழி சொல்வார்கள். காதுத் தோடு முக்கியம், விழுந்தால் உடனே சொல்லி மாற்ற வேண்டும். தோடு இல்லாமல் இழப்பீடு கேட்பது கஷ்டம்.

நாய்க்கு: அரசு மானியத் திட்டத்தில் நாய் வராது. சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாய்க்கு பாலிசி தருகின்றன. எடுக்கும் முன் 4 கேள்வி: நாட்டு நாய்க்கும் உண்டா? எந்த வயது வரை? தடுப்பூசி போட்டு வராத நோய்களுக்குப் பணம் தருவார்களா? எத்தனை நாள் காத்திருப்புக் காலம்? பதில் திருப்தியாக இல்லை என்றால், பிரீமியப் பணத்தைச் சேமிப்பில் போடுவதே மேல்.

புயல், மழையில் கால்நடை செத்தால்?

2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா புயலை இந்தப் பகுதி மறக்காது. இயற்கைப் பேரிடரில் கால்நடை இறந்தால் நிவாரணம் உண்டு. பேரிடர் நிவாரண விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய். இதற்குக் கால்நடை டாக்டரின் இறப்புச் சான்று தேவை. எனவே உடலைப் புதைக்கும் முன் டாக்டருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல் சொல்லி, போட்டோ எடுத்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நன்றாக இருந்த ஆடோ மாடோ திடீரென்று செத்து, மூக்கு, ஆசனவாயில் ரத்தம் கசிந்தால், அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. "கறியாவது மிஞ்சட்டும்" என்று கத்தி வைத்தால், அந்த நோய் மனிதர்களுக்கும் தொற்றும். அதேபோல, ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாளைக்குக் குடிக்கக் கூடாது, விற்கக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவு தாங்கவில்லை என்றால்?

சில நோய்க்கு எவ்வளவு செலவழித்தாலும் பலன் குறைவு. அப்போது டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். "பிழைக்க எவ்வளவு வாய்ப்பு? பிழைத்தால் எப்படி இருக்கும்? வலி இல்லாமல் வைத்துக்கொள்ள என்ன செய்யலாம்?" வலியைக் குறைக்கும் சிகிச்சை மட்டும் கேட்பதும் ஒரு சிகிச்சைதான். வேறு வழியே இல்லை என்றால், வலியில்லாமல் உயிரை விடச் செய்யும் முடிவை டாக்டரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவரும் டாக்டர்தான்.

செய்யக் கூடாதது, துறைமுகத்திலோ வேறு ஊரிலோ கொண்டு போய் விட்டுவிட்டு வருவது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ன்படி வளர்த்த பிராணியைப் பசி, தாகத்தால் தவிக்கும்படி கைவிடுவது குற்றம். தடுப்பூசி இல்லாத நாய் தெருவில் அலைந்தால், கடிபடுவது யாரோ ஒருவருடைய குழந்தை.

இப்போதே செய்ய வேண்டியது

• 1962-ஐ போனில் சேவ் பண்ணுங்கள்.
• உங்கள் ஊருக்கான மருந்தகத்தின் நேரம், டாக்டர் போன் நம்பர், அறந்தாங்கி மருத்துவமனை நம்பர், இவற்றை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.
• ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு நோட்டு. பிறந்த தேதி, எடை, ஊசி, மருந்து, செலவு. டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டும் கூடவே போகணும்.
• கடைசியாக வெறிநோய் ஊசி போட்டது எப்போது என்று ஞாபகம் இல்லையா? அப்படியென்றால் இந்த வாரமே நாயை மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள்.